பிஸ்டல் பிடிக்கு ஆயிரம் வித்தை, கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சைக்கிள் டியூப்

போன கவ்வாத்துக் காலத்தில் ஒரே கிழமையில் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு விஷயங்கள் வந்தன.

முதலாவது ஒரு வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு பிஸ்டலை எடுத்து, சோல்டரிங் அயனைச் சூடாக்கி, பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே போகிறார். அரை மணித்தியாலத்துக்கு மேல் இதே வேலைதான். இடுப்பில் கொண்டுபோகிற பிஸ்டல் வேர்த்த கையிலும் வழுக்கக் கூடாதாம், அதற்குத்தான் இவ்வளவு பாடு. எங்களில் நாலைந்து பேர் கடைசி வரைக்கும் பார்த்தோம். "என்னா ஒரு பினிஷிங் மச்சான்" என்று ஒருத்தன் எழுதினான். எந்த வகைச் சொரசொரப்பு நல்லது என்று ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வாதம் நடந்தது. எங்களில் ஒருத்தன்கூட வாழ்க்கையில் பிஸ்டலைத் தொட்டதில்லை என்பது வேறு கதை.

இரண்டாவது ஒரு போட்டோ. எங்களில் ஒருத்தனுடைய அப்பாவின் இடது கை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ரத்தோட்டைக்கு மேலே, மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் கவ்வாத்து வெட்டும்போது பிடி நழுவியிருக்கிறது. போட்டோவுக்குக் கீழே மகன் எழுதியிருந்தான்: "பிடி வழுக்கிருச்சாம். அஞ்சு தையல். ரெண்டு கிழமைக்கு வேல இல்ல."

அதற்கு ஆறு கைகூப்பு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

பிரச்சினை இரண்டிலும் ஒன்றுதான்: ஈரக் கையில் பிடி வழுக்குகிறது. ஒன்றுக்கு நாங்கள் நடுராத்திரி வரை தீர்வு தேடினோம். மற்றதற்குக் கும்பிட்டுவிட்டுத் தூங்கப் போனோம். அடுத்த நாள் காலையில் அந்த இரண்டையும் மேலே கீழே வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

வீடியோக்காரருக்குத் தெரிந்தது

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அந்த வீடியோவில் இருந்தது குப்பை இல்லை, நல்ல அறிவு. கொஞ்சம் தேடிப் பார்த்தோம். பிஸ்டல் பிடியைச் சொரசொரப்பாக்க மூன்று பெரிய வழிகள் உண்டு. மரத்திலோ உலோகத்திலோ குறுக்கும் மறுக்குமாகக் கோடு வெட்டி, சின்னச் சின்ன வைர வடிவ முனைகளை எழுப்புவது ஒன்று. அங்குலத்துக்கு 20 கோடு என்றால் கரடு, 30 கோடு என்றால் மென்மை. சூடான முனையால் பிளாஸ்டிக்கை உருக்கிப் புள்ளி போடுவது இன்னொன்று; வீடியோவில் பார்த்தது அதுதான். ரப்பர் பட்டையோ மணல் துகள் ஒட்டிய பட்டையோ வெட்டி ஒட்டுவது மூன்றாவது. ஸ்கேட்போர்ட் பலகைக்கு மேல் ஒட்டுகிற மாதிரிச் சாமான்.

இது ஏன் வேலை செய்கிறது? வழவழப்பான பிடியில் வேர்வையோ மழைத்தண்ணியோ மெல்லிய படலமாக நிற்கும். கை அந்தப் படலத்துக்கு மேலேதான் நிற்கிறது, பிடியைத் தொடுவதே இல்லை. மேடும் பள்ளமும் இருந்தால் தண்ணி பள்ளத்துக்கு ஒதுங்கும், மேடு உள்ளங்கையில் பதியும். பஸ் டயரில் பள்ளம் பள்ளமாக வெட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இடுப்பில் நாள் முழுக்க வைத்துக்கொண்டு திரிகிறவருக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. பிடி கரடாக இருந்தால் விலாப்பக்கத்துத் தோலைத் தேய்க்கும், சட்டையைக் கிழிக்கும். மென்மையாக இருந்தால் எடுக்கும்போது நழுவும். அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: கை அழுத்துகிற முன்பக்கமும் பின்பக்கமும் கரடு, உடம்பைத் தொடுகிற பக்கம் மென்மை. எங்கே தொடுகிறதோ அதற்கேற்ற சொரசொரப்பு.

அளவும் அப்படித்தான். ஒஸ்ட்ரியாவின் குளொக் கம்பனி 2010இல் நாலாம் தலைமுறைப் பிஸ்டலை இறக்கியபோது, சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் ஏற்ற மாதிரி பிடியின் பின்பகுதியை மாற்றிப் போட வசதி வைத்தது. முன்பக்கத்தில் விரலுக்கு விரல் பள்ளம் வெட்டியிருந்தார்கள். எல்லோருடைய விரலும் ஒரே அளவில்லையே. 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அந்தப் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். ஒரு பிடிக்காக, விரலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக்கூடக் கவனித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டு போகும்போது எங்களுக்குக் கோபம் துப்பாக்கிக்காரர்கள்மேல் மட்டும் வரவில்லை. கையைப் பற்றி இவ்வளவு தெரிந்த உலகம், எங்கள் அப்பா அம்மாவின் கைக்கு வரும்போது மட்டும் ஏன் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறது?

நம் நாட்டில் யார் இடுப்பில் பிஸ்டல்?

இலங்கையில் பிஸ்டல் என்பது கடையில் வாங்குகிற சாமான் இல்லை. 1916இல் வெள்ளைக்காரன் போட்ட சுடுகலன் சட்டம் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று காட்டினால்தான் தற்பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி கிடைக்கும். நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? அரசியல்வாதி, பெரிய வியாபாரி, செல்வாக்குள்ள ஆள். 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு தற்பாதுகாப்புக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னபோதுதான், இவ்வளவு பேர் இடுப்பிலா இருந்தது என்று சனங்கள் பேசத் தொடங்கினார்கள்.

அனுமதி இல்லாமல் சுமக்கிறவர்கள் வேறு. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேஷத்தில் ஒருவர் வந்து, விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சுட்டுக் கொன்றார். நடுவில் வெட்டிக் குடைந்த ஒரு புத்தகத்துக்குள் துப்பாக்கி உள்ளே வந்ததாகப் பொலிஸ் சொன்னது. சட்டப் புத்தகத்தையே உறையாக்கிய நாடு இது.

மாத்தளைக்காரர்களான எங்களுக்குத் துப்பாக்கியைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்டக் கணக்கு 150ஐத் தாண்டியது. 87, 89 காலத்தில் காணாமற் போன பிள்ளைகளுடையவை என்று சிங்களத் தாய்மார் வந்து நின்றார்கள். அதற்கும் முந்தியவை என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னது. யாருடைய எலும்பு என்ற கேள்வி இன்னும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அந்த வளவைத் தாண்டிப் பஸ்ஸில் போகிற பிள்ளைகள், பிஸ்டல் பிடியின் அழகை வைத்துப் பதினொரு மணி வரை வாதாடியிருக்கிறோம். யோசித்துப் பாருங்கள்.

பிடியில் வேலைப்பாடு செய்வது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. ஹப்புவிட என்ற கிராமம் நகத்தாலேயே அரக்கை இழுத்து வரி போடுகிற வேலைக்குப் பேர் போனது. கைத்தடி, விசிறிக் காம்பு, ஈட்டிக் கம்பு என்று கையில் பிடிக்கிற சாமான்களில் அவர்கள் போட்ட மஞ்சளும் சிவப்பும் இன்றும் கண்ணைப் பறிக்கும். கண்டிக் காலத்துப் பெரிய மனிதர்களின் கத்திகளுக்கு யானைத் தந்தத்தில் செதுக்கிய பிடி போட்டிருந்ததை நூதனசாலையில் பார்க்கலாம். ஆக, பிடியை எப்படிச் செய்வது என்று இந்த மண்ணுக்கும் தெரியும். யாருடைய கைக்குச் செய்வது என்பதில்தான் எப்போதும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

இனி அந்தக் கத்தி

கொழும்பில் இருந்து வாசிக்கிற நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலையை அப்படியே விட்டால் மரமாகிவிடும். மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தூரை வெட்டி இறக்க வேண்டும். அதுதான் கவ்வாத்து. பெரும்பாலும் ஆம்பிளைகள் வேலை. குனிந்து நின்று, வாதை இடது கையால் வளைத்துப் பிடித்து, வலது கையால் ஒரே இழுப்பில் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டு பிசிறடித்தால் வாது வெடிக்கும், தண்ணி இறங்கி அழுகும், கங்காணி சத்தம் போடுவார். ஒரு தூரில் எத்தனையோ வாது. புதுத் தேயிலை நட்ட ஒரு ஹெக்டேயரில் 10,000 தூருக்கு மேல் நிற்கும். மலை சரிவு. கீழே ஈரம், காலில் அட்டை, கையில் தேயிலைச் சாறு.

இப்போது பிஸ்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடுப்பில் சுமக்கிற பிஸ்டல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி உறைக்குள்ளேயே தூங்குகிறது. பல பேர் அதைப் பயிற்சிக்கு வெளியே ஒரு தடவைகூட எடுப்பதில்லை. கவ்வாத்துக் கத்தி பெரட்டுக் கலைந்ததில் இருந்து வேலை விடும் வரைக்கும் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் கூர் இடது கைக்குச் சில அங்குலத் தூரத்தில் போகிறது. எந்தப் பிடிக்கு அதிகம் மூளை செலவழித்திருக்க வேண்டும்?

நாங்கள் எங்கள் வீட்டுக் கத்திகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். பதினொரு கத்தி. ஏழில் மரப்பிடி, பெரும்பாலும் கொய்யா. வருஷக்கணக்காகக் கை பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. மூன்றில் பிளாஸ்டிக், அது புதிதாக இருக்கும்போதே வழுக்கும். ஒன்றில் பிடியே இல்லை. வால் கம்பிக்குச் சாக்குத் துணியைச் சுற்றியிருந்தது. ஆறு கத்திகளில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருந்தார்கள். அதுதான் எங்கள் ஊரின் ஆராய்ச்சி நிலையம்: பங்க்சர் கடையில் கழித்துப் போட்ட டியூப்.

கேட்டால் எல்லோரிடமும் தழும்பு இருக்கிறது. ஒரு மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தழும்பு இல்லாதவன் கவ்வாத்துக்காரனாடா?" நாங்களும் சிரித்தோம். பிறகுதான் யோசித்தோம். காயத்தைப் பெருமையாக்கிக் கொடுத்தவர்கள் யார்? பெருமையாக இருந்தால் கேள்வி வராது இல்லையா.

கொழுந்தெடுக்கும் பெண்களின் கத்தரியும் இப்படித்தான். ஒரே அளவுப் பிடி. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையும் ஐம்பது வயது அம்மாவின் கையும் அந்த ஒரு அளவுக்குத்தான் பழக வேண்டும். பிஸ்டல் வாங்குகிறவருடைய கைக்கு ஏற்ற மாதிரிப் பின்பகுதியை மாற்றிக் கொடுக்கிறார்கள். இங்கே கருவிக்கு ஏற்ற மாதிரிக் கை வீங்குகிறது, மரத்துப் போகிறது, ராத்திரியில் கோடாலித்தைலம் தேய்க்கிறது.

தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது

"இதெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி" என்று ஓர் உத்தியோகத்தர் எங்களிடம் சொன்னார். தெரியும் சேர். எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஐஎல்ஓ என்கிற சர்வதேச தொழிலாளர் தாபனம் 1996இல் வேலைத்தலங்களுக்காக ஒரு கையேடு போட்டது. கைக்கருவிகளின் பிடிக்குச் சரியான தடிப்பும் நீளமும் வடிவமும் வேண்டும், கை வழுக்காத அளவுக்கு உராய்வு வேண்டும், இல்லாவிட்டால் நழுவாமல் தடுக்கிற தடுப்பு வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி அளவே சொல்கிறது: பலம் போட்டுப் பிடிக்கிற ஒற்றைப் பிடிக் கருவிக்கு விட்டம் ஒன்றேகால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம், நீளம் உள்ளங்கையின் அகலத்தை விடக் கூட, சாதாரணமாக 4 முதல் 6 அங்குலம். மேலே ரப்பர் உறை போட்டால் வழுக்காது, ஆனால் உறை இறுக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதற்கு ரொக்கெட் அறிவு வேண்டாம்.

விவசாயத்தில் பாதுகாப்பு பற்றி ஐஎல்ஓ 2001இல் கொண்டுவந்த 184ஆம் இலக்க உடன்படிக்கை, இயந்திரங்களோடு சேர்த்துக் கைக்கருவிகளையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது; அவை ஏற்றுக்கொள்ளப்பட்ட தரத்துக்கு அமைய வேண்டும் என்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. எந்த உயரத்தில் வெட்டுவது, எப்போது வெட்டுவது, வெட்டியபின் தூரை எப்படிப் பார்ப்பது என்று விவரமாக வழிகாட்டுகிறது. தூருக்குக் காயம் படாமல் வெட்டுவதற்கு நூறு வருஷ அறிவு சேர்ந்திருக்கிறது. வெட்டுகிறவருக்குக் காயம் படாமல் வெட்டுவதற்கு?

சட்டத்தைப் பார்த்தால் இன்னும் விசித்திரம். 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் இந்த நாட்டில் வேலைத்தலப் பாதுகாப்புக்கு முக்கியமான சட்டம். பேரிலேயே இருக்கிறது, தொழிற்சாலை. தேயிலை ஸ்டோருக்குள் இருக்கிற ரோலருக்கு அது பொருந்தும். ஸ்டோர் கதவைத் தாண்டி மலைக்கு ஏறினால் பொருந்தாது. காயம் பட்ட பிறகு நட்டஈடு கேட்க 1934இன் ஒரு சட்டம் உண்டு. காயம் படாமல் கத்திப்பிடியைப் பார்க்கச் சொல்ல ஒரு சட்டமும் மலைக்கு ஏறி வரவில்லை.

"இதுவா இப்ப முக்கியம்?"

இதை எழுதப் போகிறோம் என்று சொன்னதும் மூன்று பக்கத்தில் இருந்து பதில் வந்தது. மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்.

முதல் பதில், எங்கள் மூத்த தோழர்களிடம் இருந்து. "காணி இல்லை, வீடு இல்லை, சம்பளம் இல்லை. நீங்க பிடியைப் பத்திப் பேசுறீங்க." அண்ணே, காணியும் வீடும் எங்களுக்கும் வேண்டும். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்த மலையகம் 200 நடைபவனியை வரவேற்று நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். ஆனால் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் எவ்வளவு போராட்டம்! அந்த 1,350 ரூபாய்க் கணக்கிலேயே, கிழமைக்கு ஆறு நாள் என்றால் இரண்டு கிழமைக்கு 16,200 ரூபாய். எங்கள் நண்பனின் அப்பாவுக்கு வழுக்கிய பிடி எடுத்துக்கொண்டு போனது அவ்வளவு. போராடி வாங்கிய சம்பளம் ஒரு பிடியில் நழுவிப் போகிறது என்றால், பிடியும் சம்பளப் பிரச்சினைதான். முன்பு கூட்டு ஒப்பந்தம் என்று ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் கம்பனிகள் அதிலிருந்து எழும்பிப் போய்விட்டன. சம்பளச் சபையில் பெரும்பாலும் சம்பளம்தான் பேசப்படுகிறது. கத்தியைப் பற்றிப் பேச இப்போது எந்த மேசை இருக்கிறது? அந்த மேசையைக் கேட்பதும் உங்கள் வேலைதானே?

இரண்டாவது பதில், நிர்வாகப் பக்கத்தில் இருந்து. "இந்தக் கத்தியாலதான் உங்க பாட்டன், பூட்டன் எல்லாம் வெட்டினாங்க. கவனமா வேலை செஞ்சா ஒன்னும் ஆகாது." பாட்டனும் பூட்டனும் வெட்டினார்கள், உண்மை. அவர்கள் விரலையும் கேட்டுப் பாருங்கள். கவனம் என்பது காலை ஏழரைக்கு இருக்கும். பதினொரு மணிக்கு, முதுகு கழன்று, கை மழையில் விறைத்து, முடிக்க வேண்டிய கணக்கு பாக்கி இருக்கும்போது எவ்வளவு இருக்கும்? பிஸ்டல் கம்பனி வாங்குகிறவரைப் பார்த்து "கவனமாகப் பிடியுங்கள்" என்று சொல்லவில்லை. பிடியை மாற்றியது. கொழும்பில் ஒரு கட்டடத்தில் படி வழுக்கினால் உடனே படிக்குப் பட்டை ஒட்டுகிறார்கள். மலையில் மட்டும் வழுக்கினால் வழுக்கியவன் குற்றவாளி.

மூன்றாவது பதில் எங்கள் வயதுக்காரர்களிடம் இருந்து. இதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது. "நாங்க ஏன் மச்சான் கவ்வாத்தைப் பத்திப் பேசணும்? நாங்க அதிலிருந்து வெளிய வரத்தானே படிச்சோம்." சரி. வெளியே வாருங்கள். நாங்களும்தான் கடையிலும் கொழும்பிலும் வேலை செய்கிறோம். ஆனால் நாம் படித்த பணம் எந்தக் கத்தியில் இருந்து வந்தது? வெளியே வருவது என்றால் திரும்பிப் பார்க்காமல் இருப்பதா? ஆகாத ஊர்த் துப்பாக்கிக்கு அங்குலத்துக்கு எத்தனை கோடு என்று தெரிந்து வைத்திருக்கிற நமக்கு, வீட்டுக் கூரைக்குள் செருகியிருக்கிற கத்தியின் பிடி எத்தனை அங்குலம் என்று தெரியாது. அளந்து பார்க்கும் வரை எங்களுக்கும் தெரியாது. பெரும்பாலானவை ஓர் அங்குலத்துக்கும் மெலிவு.

நாங்கள் செய்து பார்த்தது

பேசிக்கொண்டே இருக்கக் கூடாது என்று மூன்று கத்தியில் மூன்று வேலை செய்தோம். வீடியோக்காரரின் வித்தையையே திருடினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மரப்பிடியில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புள்ளி சுட்டோம். பிடி நன்றாக நின்றது. ஆனால் இரண்டு நாளில் பள்ளத்துக்குள் மண்ணும் சாறும் ஏறிப் பழைய வழவழப்பு பாதி திரும்பிவிட்டது. ஆழமாகச் சுட்ட இடத்தில் கை கொப்பளித்தது. இரண்டாவதில் புதிய சைக்கிள் டியூப் சுற்றினோம். காய்ந்திருக்கும்போது அருமை. மழையில் தேயிலைச் சாறு பட்டதும் அதுவே வழுக்கியது, ஏனென்றால் டியூபின் மேற்புறம் வழவழப்பு.

மூன்றாவதுதான் சரி வந்தது. கிரிக்கெட் பேட்டின் ரப்பர் கிரிப். பேட் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாற்றியிருப்பீர்கள். மெலிந்த மரத்துக்கு முதலில் துணி சுற்றித் தடிப்பை ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் கிரிப்பை வெட்டி ஏற்றி, பங்க்சர் ஒட்டுகிற சொலூஷன் போட்டு இறுக்கினோம். முதல் தடவை சொலூஷன் போடாமல் ஏற்றியதில் உறையே பிடிக்கு மேல் சுற்றியது; அது வழுக்குவதை விட மோசம், யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். அடிப்பக்கம் ஒரு சுற்று கூடப் போட்டுத் தடிக்க வைத்தோம், இழுக்கும்போது கை கீழே நழுவாமல் இருக்க. கிரிப்பின் விலை ஒரு நாள் சம்பளத்தை விடக் குறைவு. பந்து அடிக்கிற கைக்கு என்று செய்த சாமான், மழையிலும் நின்றது.

தையல் பிரித்த பிறகு அந்த அப்பாவிடம் கொடுத்தோம். மூன்று நாள் வெட்டினார். நாங்கள் பாராட்டை எதிர்பார்த்துப் போய் நின்றோம். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. கை அவ்வளவா வலிக்கல. ஆனா இது தேஞ்சா மறுபடி யாரு போட்டுத் தருவா? நானூறு பேருக்கு நீங்களே போடுவீங்களா?"

போட மாட்டோம். போடவும் கூடாது. கருவி கொடுத்து வேலை வாங்குகிறவர் செய்ய வேண்டியதை நாலு பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் சொலூஷன் டப்பாவோடு உட்கார்ந்து செய்தால், அது சமூக சேவை என்று பத்திரிகையில் வரும். தோட்டம் அடுத்த வருஷமும் அதே வழவழத்த பிடியையே கொடுக்கும்.

ஆகவே கேட்கிறோம். கத்தியும் கத்தரியும் தோட்டமே கொடுக்க வேண்டும், பிடி தேய்ந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டும், தொழிலாளியின் காசில் அல்ல. பிடி வழுக்காததாக, குறைந்தது இரண்டு அளவில் இருக்க வேண்டும். கொடுக்கும் முன்னால் வெட்டுகிறவர்கள் ஈரக் கையால் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் தூருக்கு எழுதுகிற வழிகாட்டலில் கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த முறை எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கருவி என்ற சொல்லை அந்தத் தாளில் ஏற்ற வேண்டும். பாதுகாப்புச் சட்டம் ஸ்டோர் வாசலில் நிற்காமல் மலைக்கு ஏற வேண்டும்.

எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. இந்தக் கவ்வாத்துக் காலம் தொடங்கி, எங்களுக்குத் தெரிந்த லயங்களில் யாருக்கு, எந்தக் கையில், எந்த மாதிரிப் பிடியால் காயம் பட்டது, எத்தனை நாள் வேலை போனது என்று ஒரு சிஆர் கொப்பியில் எழுதப் போகிறோம். பேர் எழுத மாட்டோம். "ஒன்னும் ஆகாது" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால் அந்தக் கொப்பியைக் காட்டலாம். உங்கள் தோட்டத்திலும் எழுதுங்கள்.

வருகிற ஆயுத பூசைக்கு வழக்கம் போலக் கத்தி, கத்தரி, மம்பட்டி, முள்ளு எல்லாவற்றையும் கழுவி, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இடுவோம். வருஷா வருஷம் பொட்டு வைக்கும்போது கூரைத்தான் பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை கத்தியைத் திருப்பிப் பிடியையும் பாருங்கள். ஈரக் கையால் ஒரு தடவை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால், அந்தக் கத்தியோடு அடுத்த நாள் மலைக்கு ஏறப் போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.